குண்டூசி கேட்டவள், கூலி கேட்டவள்



1612 மார்ச் 18. வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், கோல்ன் என்ற ஊருக்கு அருகே, அலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் வழியில் போன ஒரு வியாபாரியிடம் குண்டூசி கேட்கிறாள். விலைக்குக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்பதில் சாட்சியங்கள் ஒத்துப்போவதில்லை. ஜான் லா என்ற அந்த வியாபாரி மூட்டையை அவிழ்க்க மறுத்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் கீழே விழுகிறார். உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது, பேச்சு குழறுகிறது. இன்றைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் பக்கவாதம் என்பார்கள். அன்று அதற்குப் பெயர் சூனியம். ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, லங்காஸ்டரில் அலிசனோடு சேர்த்து எட்டுப் பெண்களையும் இரண்டு ஆண்களையும் தூக்கிலிட்டார்கள். பெண்டில் மலையடிவாரத்து வழக்கு என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

சினிமாவில் வருவதுபோல் கட்டிவைத்துக் கொளுத்தவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 1604இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாக்கிய அரசர் முதலாம் ஜேம்ஸ், அதற்கு முன்பே 1597இல், ஸ்காட்லாந்து அரசராக இருந்தபோது, பேய்களையும் சூனியத்தையும் பற்றிப் புத்தகமே எழுதியவர். அரசருக்குப் பிடித்த விஷயம் எது என்பது உள்ளூர் மாஜிஸ்திரேட் ரோஜர் நோவெலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார்? அலிசனின் பாட்டி எலிசபெத் சதர்ன்ஸ், ஊர் வைத்த பெயர் டெம்டைக். எண்பது வயது, கண் தெரியாது. விசாரணைக்கு முன்பே சிறையில் செத்துப்போனாள். இன்னொரு குடும்பத்தின் தலைவி ஆன் விட்டில், ஊர் வைத்த பெயர் சாட்டாக்ஸ். அவளும் கண் மங்கிய கிழவி. பிச்சை எடுத்தும், கிடைத்த வேலையைச் செய்தும், நோய்க்கும் மாட்டுக்கும் மந்திரித்தும் பிழைத்த குடும்பங்கள். கைவைத்தியத்துக்கு இவர்களை அழைத்ததும் ஊர்தான், பிறகு காட்டிக்கொடுத்ததும் ஊர்தான்.

வழக்குப் பதிவுகளைச் சூனியத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்துப்பாருங்கள். டெம்டைக்கின் மகள் மாவு மில்லில் வேலை செய்திருக்கிறாள். அதற்குக் கூலி கேட்கக் கிழவி போகிறாள். மில்காரர் ரிச்சர்ட் பால்ட்வின் அவளையும் அவளைக் கைப்பிடித்துப் போன பேத்தியையும் வேசிகள், சூனியக்காரிகள் என்று ஏசித் தன் நிலத்தைவிட்டுத் துரத்துகிறார். பிறகு அவருடைய குழந்தை இறக்கிறது. கிழவியின் பெயரில் அது கொலையாகிறது.

சாட்டாக்ஸின் மகள் ஆன் ரெட்ஃபெர்ன் கதை இன்னும் நமக்குத் தெரிந்த கதை. அவள் குடியிருந்த நிலத்தின் சொந்தக்காரர் வீட்டுப் பையன் ராபர்ட் நட்டர் அவளிடம் தவறாக நெருங்கினான். அவள் மறுத்தாள். நிலம் என் கைக்கு வரட்டும், உன்னைக் குடியிருக்க விடமாட்டேன் என்று மிரட்டிவிட்டுப் போனான். பின்னால் அவன் இறந்தான், அவன் அப்பாவும் இறந்தார். மகனைக் கொன்றதாகச் சொன்ன வழக்கில் அவளை விடுவித்தார்கள். மறுநாளே அப்பாவைக் கொன்றதாக இன்னொரு வழக்கு. அதில் தூக்கு. இந்த நிலம், இந்த மிரட்டல் எல்லாம் அவளுக்கு எதிரான ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. அவளைச் சூனியக்காரி என்று நிரூபிக்க எழுதியவர்களே அவளுக்கு நேர்ந்ததையும் எழுதிவைத்துவிட்டார்கள்.

சமூகவியல் படித்தபோது ஆலன் மக்ஃபார்லேன், கீத் தாமஸ் இருவரின் விளக்கத்தைப் பாடமாகப் படித்தேன். ஏழை அண்டை வீட்டாருக்கு உதவ மறுத்தவர், தனக்கு ஒரு கெடுதல் வந்ததும், மறுத்த குற்றவுணர்வையே அந்த ஏழையின் மீது பழியாகப் போடுகிறார் என்பது அதன் சாரம். எசெக்ஸ் வழக்குகளை வைத்து மக்ஃபார்லேன் செய்த ஆய்வு இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் அந்த விளக்கத்தில் ஒரு குறை எனக்குப் படுகிறது. அது கொடுக்க மறுத்தவரின் மனசாட்சியிலிருந்து தொடங்குகிறது. பால்ட்வினிடம் டெம்டைக் கேட்டது தர்மம் அல்ல, கூலி. அதைக் கேட்டவள் பக்கமிருந்து பார்த்தால் வேறு கதை.

இவர்கள் தங்களைச் சூனியக்காரிகள் என்று நம்பினார்களா? சிலர் நம்பினார்கள். அலிசன் அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டாள். சாட்டாக்ஸ் கெடுதல் செய்துவிடுவாள் என்று பயந்து, அலிசனின் அப்பா ஆண்டுதோறும் அவளுக்கு ஓட்ஸ் மாவு அளந்திருக்கிறார். ஓராண்டு அளக்கவில்லை, அதனால்தான் சாகிறேன் என்று சாகும்போதும் நம்பியிருக்கிறார். நிலமும் கோர்ட்டும் இல்லாதவர்களிடம் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆயுதம். மண்ணை வாரித் தூற்றுகிறவளைக் கண்டு பயப்படுகிற ஊர், கடைசியில் அந்தப் பயத்தையே சாட்சியாக்கியது.

இந்த வழக்கில் என்னை உலுக்குவது ஜெனெட். அலிசனின் தங்கை, ஒன்பது வயது. உயரம் போதாது என்று அவளை மேஜைமேல் நிறுத்தினார்கள். பெற்ற தாய் எலிசபெத் அலறினாள். தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, பிள்ளையைச் சொல்லச்சொன்னார்கள். அவள் சொன்னாள். அம்மா, அண்ணன், அக்கா மூவரும் தூக்கில்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது கோர்ட் எழுத்தர் தாமஸ் பாட்ஸ் 1613இல் வெளியிட்ட புத்தகம். நீதிபதிகளில் ஒருவரே அதைச் சரிபார்த்துத் திருத்தினார். போலீஸ் எழுதிய வாக்குமூலங்களைப் படித்துப் பழகிய உங்களுக்கு அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். 1634இல் அதே லங்காஷயரில் எட்மண்ட் ராபின்சன் என்ற சிறுவன் சொன்னதை வைத்து மறுபடியும் பலரைக் குற்றவாளிகள் என்றார்கள். நீதிபதிகளுக்கே சந்தேகம் வந்து விஷயம் அரசரிடம் போனது. சில பெண்களை லண்டனுக்குக் கொண்டுபோய், மருத்துவர் வில்லியம் ஹார்வியின் மேற்பார்வையில் உடற்பரிசோதனை செய்தார்கள். பையன் பிறகு எல்லாம் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டான். மாடுகளை ஓட்டிவரத் தாமதமானதற்கு அடி விழும் என்று சொன்ன பொய்! ஆனால் விஷயம் தீராமல் இருந்தபோதே, தாமஸ் ஹேவுட்டும் ரிச்சர்ட் ப்ரோமும் இந்தப் பெண்களைச் சூனியக்காரிகளாகவே வைத்து நாடகம் எழுதி, க்ளோப் அரங்கில் கூட்டம் சேர்த்து நடத்திவிட்டார்கள். கோர்ட் தயங்கியது, மேடை தயங்கவில்லை. அந்த வழக்கில் சிக்கியவர்களில் ஒரு ஜெனெட் டிவைஸ் இருந்தாள். மேஜைமேல் நின்ற அதே பிள்ளையாக இருக்கலாம். 1636இலும் அந்தப் பெயர் லங்காஸ்டர் சிறைப் பட்டியலில் இருக்கிறது.

இதற்கு முன்பே, 1621இல், தூக்கிலிடப்பட்ட எலிசபெத் சாயரைப் பற்றி ரௌலி, டெக்கர், ஃபோர்ட் மூவரும் எழுதிய எட்மன்டன் சூனியக்காரி நாடகம் வேறு மாதிரி. நிலக்காரரின் இடத்தில் சுள்ளி பொறுக்கி அடிபடும் கிழவியாக அவளை மேடைக்குக் கொண்டுவருகிறது. ஊர் அப்படி அழைத்து அழைத்தே அவள் அப்படி ஆகிறாள். அதில் பேயும் நாயாக வருகிறது என்றாலும், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

பெண்டில் நாவல்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தூக்கிலிடப்பட்டவர்களில் ஆலிஸ் நட்டர் ஒருத்திதான் கொஞ்சம் வசதியான வீட்டு விதவை. நாவலாசிரியர்களின் கண் அவள்மேல்தான் போகிறது. ஜெனெட் விண்டர்சன் 2012இல் எழுதிய நாவலின் நாயகி அவள்தான். 1951இல் வந்த ராபர்ட் நீலின் நாவல் மாஜிஸ்திரேட் வீட்டுக்குள்ளிருந்து கதை சொல்கிறது. ரஃப்லீ ஊரில் சிலை வைத்தபோதும் ஆலிஸுக்குத்தான் வைத்தார்கள். டெம்டைக்கும் சாட்டாக்ஸும் துடைப்பத்தில் பறக்கும் பொம்மைகளாகக் கடையில் தொங்குகிறார்கள். கேரில் சர்ச்சில் 1976இல் எழுதிய வினிகர் டாம் நாடகம் இந்த வழக்கைப் பற்றியது அல்ல. ஆனால் அதில் சூனியமே கிடையாது. வறுமையும் பெண்ணுடலும் அண்டை வீட்டுப் பகையும்தான் இருக்கின்றன. மாணவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

இங்கிலாந்து அந்தச் சட்டத்தை 1736இல் நீக்கியது. நம் நாட்டில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாதியும் சூனியப் பழியும் ஒன்றல்ல, ஒன்றாக்கிப் பேசக்கூடாது. ஆனால் இரண்டும் ஒரே உடம்பின்மேல் விழும்போது என்ன ஆகும் என்பதை மகாஸ்வேதா தேவி 'பாயேன்' கதையில் எழுதியிருக்கிறார். டோம் சாதிப் பெண் சண்டிதாசி, செத்த குழந்தைகளைப் புதைக்கும் பரம்பரைத் தொழில் செய்பவள். ஊர் அவளைப் பாயேன் என்கிறது, கணவனே பறையடித்து அறிவிக்கிறான். ரயில் பாதையோரம் தனியே தள்ளப்பட்ட அவள், கொள்ளையர்கள் கவிழ்க்கப்பார்த்த ரயிலை நிறுத்த ஓடிச் சாகிறாள். இவளுக்கு உறவு யார் என்று அதிகாரி கேட்கிறார். ஊர் வாய் திறக்கவில்லை. மகன் பகீரதன் முன்னால் வந்து, என் அம்மா என்று சொல்கிறான். அதிகாரி எழுதிக்கொள்கிறார்.