உருளைக்கிழங்கு ஏன் பசையாகிறது?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டில், பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை மாவு கிளறுவது ஆயாவின் வேலை. தளதளவென்று கொதிக்கும் நீரைப் பச்சரிசி மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பினால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைவார். அவர் பிடித்த கொழுக்கட்டை விண்டு போனதை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்தே வளர்ந்ததால், உருளைக்கிழங்கில் கொழுக்கட்டை செய்வது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அப்படி ஒரு பண்டம் இத்தாலி நாட்டில் உண்டு. அதன் பெயரை ஆங்கில எழுத்துகளில் பார்த்தவர்கள் 'க்னோச்சி' என்று படித்துத் திண்டாடுவார்கள். தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒலிக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது: ஞொக்கி. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து, கட்டைவிரல் நுனியளவு துண்டுகளாக வெட்டிக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். இத்தாலியர்கள் ரொட்டியிலும் மாவிலும் ஞொக்கி செய்துகொண்டிருந்தவர்கள்தாம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிரான உருளைக்கிழங்கு 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, மெல்ல மெல்ல அங்குள்ள அடுக்களைகளில் இடம் பிடித்த பிறகே இந்த உருளைக்கிழங்கு ஞொக்கி பிறந்தது.

சதுர்த்திக்கு மறுநாள் நான் அதைச் செய்தேன். அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்தேன். கையால் மசிப்பானேன் என்று மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்று விட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே மாவு இல்லை, பசை இருந்தது. கரண்டியைத் தூக்கினால் கம்பி கம்பியாக இழுத்தது. கெட்டிப்படட்டும் என்று மைதாவைச் சேர்த்தேன், போதவில்லை, மேலும் சேர்த்தேன். நூறு கிராம் என்று தொடங்கியது முந்நூறு கிராமில் வந்து நின்றது. சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்து, வெட்டி, வேகவைத்து எடுத்தேன்.

ஆயாவுக்குப் பற்கள் பாதிக்கு மேல் இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். மிக்ஸியில் ஒட்டியிருந்ததை எட்டிப் பார்த்த பிறகுதான் பேசினார்: "ஏம்பா, இதை வச்சு சினிமா போஸ்டர் ஒட்டலாம்போல இருக்கே. வெந்த கிழங்கைப் போய் யாராச்சும் மிக்ஸியில அடிப்பாங்களா?"

போஸ்டர் என்றாரே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

மாவுமணி என்னும் மூட்டை

சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் காய்ச்சிப் பசையாக்குகிறார்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்த மைதா ஒட்டாது, காய்ச்சினால்தான் ஒட்டும். ஏன்?

அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு சிறு மணிகளாகத் தெரியும். அரிசியின் மாவுமணிகள் மிகச் சிறியவை. குறுக்களவு 3 முதல் 8 மைக்ரான் வரை இருக்கும். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான்.) உருளைக்கிழங்கின் மணிகள் பெரியவை, சில 100 மைக்ரானையும் எட்டும். ஒவ்வொரு மணியும் ஒரு மூட்டை. அதற்குள் அமிலோஸ், அமிலோபெக்டின் என்ற இரு வகைச் சங்கிலி மூலக்கூறுகள் இறுகக் கட்டப்பட்டுள்ளன. இரண்டுமே குளுக்கோஸ் அலகுகளைக் கோத்து ஆனவை. அமிலோஸ் பெரும்பாலும் நேரான சங்கிலி. அமிலோபெக்டின் முருங்கை மரம்போலக் கிளைவிட்டது.

குளிர்ந்த நீரில் இந்த மூட்டை அவிழாது. நீரைச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கட்டுத் தளர்ந்து நீர் உள்ளே புகுகிறது. மணி பல மடங்கு உப்புகிறது. அமிலோஸ் சங்கிலிகள் வெளியே கசிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதுதான் பசை. உருளைக்கிழங்கில் இது 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது நடக்கிறது. அரிசியில் 70 டிகிரியை ஒட்டி, அரிசியின் வகைக்கேற்பச் சற்று முன்பின்னாக நடக்கும்.

இப்போது ஆயாவின் கொதிநீர் விளங்குகிறதல்லவா? கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையைப் பின்னுகின்றன. சப்பாத்தி கிழியாமல் விரிவது அதனால்தான். அரிசியில் குளூட்டன் கிடையாது. எனவே கொதிநீர் ஊற்றி, மாவுமணிகளில் ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்துப் பசையாக்குகிறோம். அந்தப் பசை, அவிழாத மற்ற மணிகளைப் பிடித்து நிறுத்துகிறது. வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் பசை பிறக்காது. கொழுக்கட்டை விண்டு பூரணம் வெளியே வந்துவிடும்.

கிழங்கிற்குள்ளே ஓர் அறை

அப்படியானால் வெந்த உருளைக்கிழங்கும் அவிழ்ந்த மாவுமணிதானே, அது ஏன் வாயில் ஒட்டுவதில்லை? சூடான கிழங்கை விண்டால் பொலபொலவென்று உதிர்கிறதே?

கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. இந்த மாவுமணிகள் திறந்த வெளியில் கிடக்கவில்லை. செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. வேகும்போது அவை செல்லிற்குள்ளேயே, அங்கிருக்கும் நீரைக் குடித்து உப்புகின்றன. செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கொதிநிலையை நெருங்கும்போது இளகுகிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, ஆனால் உடைவதில்லை. ஆக, நன்றாக வெந்து உதிரும் கிழங்கு என்பது, பசையை உள்ளே வைத்துக் கட்டிய கோடிக்கணக்கான பைகளின் குவியல். பை முழுதாக இருக்கும்வரை பசை வெளியே தெரியாது.

(பெக்டின் இளகுவதற்கு வெப்பம் போதுமான அளவு வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அங்கே கிழங்கு வேக நம்மூரைவிட அதிக நேரமாகும்.)

மிக்ஸியின் கத்தி அந்தப் பைகளைக் கிழித்துவிட்டது. அவ்வளவுதான் நான் செய்த தவறு. கொழுக்கட்டையில் பசையை வெளியே கொண்டுவர வேண்டும். ஞொக்கியில் அதை உள்ளேயே காக்க வேண்டும். பொருள் ஒன்று, கைப்பக்குவம் நேர் எதிர். நான் ஆயாவிடம் பாதிப் பாடம் மட்டும் படித்திருக்கிறேன்.

இதை உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சோதிக்கலாம். மிக்ஸியில் அரைத்த கிழங்கில் ஒரு தேக்கரண்டி, கையால் மெல்ல உதிர்த்த கிழங்கில் ஒரு தேக்கரண்டி எடுத்து, தனித்தனியே குளிர்ந்த நீரில் இலேசாகக் கலக்குங்கள். அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரில் இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். வெளியே கசிந்த மாவுச்சத்து எதில் அதிகமோ, அது அடர் நீலமாகும். அயோடின் பட்ட கிழங்கை வாயில் வைக்காதீர்கள்.

உருளைக்கிழங்குச் செதில் செய்யும் தொழிற்சாலைகளிலும் இதே கவலைதான். அங்கே கிழங்குத் துண்டுகளை முதலில் சுமார் 70 டிகிரி வெந்நீரில் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைக்கிறார்கள். ஆறும்போது அமிலோஸ் சங்கிலிகள் நெருங்கி இறுகிக்கொள்கின்றன. அதன் பிறகே ஆவியில் முழுதாக வேகவைத்து மசிக்கிறார்கள். சில செல்கள் உடைந்தாலும், இறுகிய அமிலோஸ் எளிதில் பசையாவதில்லை.

எந்தக் கிழங்கு?

நீர் குறைந்து மாவுச்சத்து மிகுந்த கிழங்கே ஞொக்கிக்கு ஏற்றது. ஈரம் கூடினால் மைதா கூடும், மைதா கூடினால் குளூட்டன் கூடும், முடிவு, ரப்பர். நீலகிரியின் கிழங்குகள் மேட்டுப்பாளையம் மண்டி வழியாகவும், வடநாட்டுக் கிழங்குகள் குளிர்பதனக் கிடங்குகள் வழியாகவும் நம் கடைகளுக்கு வருகின்றன. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பல வகைகளை உருவாக்கியிருக்கிறது. 1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி மலைப்பகுதிகளில் புகழ்பெற்றது. 1998-இல் வெளியான குஃப்ரி சிப்சோனா, பெயர் சொல்வதுபோலவே, வறுவலுக்காக நீர்ச்சத்துக் குறைவாக இருக்கும்படி உருவாக்கப்பட்டது. ஆனால் காய்கறிக் கடையில் கிழங்கு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லையே!

அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மாவுச்சத்து நீரைவிட அடர்த்தி மிக்கது. எனவே மாவு மிகுந்த கிழங்கு கனமானது. ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்தால் கரைசலின் அடர்த்தி சுமார் 1.08 ஆகும். கிழங்கை அதில் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, ஞொக்கிக்கு எடுத்துக்கொள்ளலாம். மிதந்தால் நீர்க் கிழங்கு; குழம்பில் கரையாமல் நிற்கும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. விதைநெல் தேர்ந்தெடுக்கும்போது, கோழிமுட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அரித்துத் தள்ளுவார்கள். அதே இயற்பியல்தான்.

தோண்டியெடுத்துச் சில வாரங்கள் ஆன கிழங்கு, புதுக்கிழங்கைவிட நல்லது. ஆனால் பழையது என்பதற்காகப் பச்சை படர்ந்த கிழங்கை எடுத்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையம் உண்டாகிறது, அது தீங்கற்றது. கூடவே சோலனின் என்ற நஞ்சும் பெருகுகிறது. கொதிக்கவைத்தாலும் அது அழியாது. மிகவும் பச்சையான கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கும் வேண்டாம்; குளிரில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகி இனிக்கும்.

இரண்டாம் முறை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அரை கிலோ. இம்முறை தோலோடு, முழுதாக, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். தண்ணீர் உள்ளே புக வழியில்லை. சூட்டோடு தோலுரித்து, நீராவி பறந்து போகும்படி தட்டில் பரப்பி வைத்தேன்.

இத்தாலியர்கள் கிழங்கை மசிக்கத் துளையுள்ள ஓர் அழுத்துகருவி வைத்திருக்கிறார்கள். படத்தில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது நம் இடியாப்ப அச்சேதான்! துளை வழியாக அழுத்தும்போது செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கத்தி வெட்டுவதுபோலப் பெருமளவில் கிழிவதில்லை. ஒருமுறை பிழிந்ததை மறுபடி போட்டுப் பிழியக் கூடாது.

கிழங்கு ஆறியதும் 100 கிராம் மைதாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் தூவி, விரல்களால் கூட்டி, ஒன்றுசேர்ந்த உடனே நிறுத்திவிட்டேன். பிசையப் பிசையக் குளூட்டன் வலுக்கும், செல்லும் உடையும். இரண்டுமே நமக்கு ஆகாதவை. விரல் பருமனுக்கு உருட்டி, வெட்டி, முள்கரண்டியால் வரி போட்டேன். வரி அழகுக்காக மட்டுமல்ல. குழம்போ தொக்கோ அதில் தங்கி நிற்கும்.

உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் முதலில் ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். கரைந்தால் மாவில் இன்னும் ஒரு கரண்டி மைதா சேர்க்க வேண்டும். எனக்குக் கரையவில்லை. முதலில் அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் தானே மேலே வந்தது. மாவு நீரைவிடச் சற்று அடர்த்தியானது, ஆகவே மூழ்குகிறது. சூடேறியதும் மாவிற்குள் சிக்கியிருக்கும் சிறு காற்றுக்குமிழிகள் விரிகின்றன, அவற்றில் நீராவியும் சேர்கிறது. பருமன் கூடி, அடர்த்தி குறைந்து மிதக்கிறது. மிதந்ததை எடுத்து ஆறவைத்து, குளிர்ந்த நீரில் போட்டு, மறுபடி மூழ்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்க்கலாம். அதில் குளூட்டன் இல்லாததால் கொதிநீரில் கரைந்துபோக வாய்ப்பு உண்டு. இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவைப்பதே பாதுகாப்பு. அப்போது அது பாதிக்குமேல் கொழுக்கட்டைதான்.

தக்காளித் தொக்கில் புரட்டி ஆயாவுக்குக் கொடுத்தேன். இம்முறை தட்டின் ஓரத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை. "காரம் கம்மி" என்றார். மறுநாள் காலையில் மீந்திருந்தவை சற்று விறைத்திருந்தன. ஆறிய அமிலோபெக்டின் கிளைகள் இரவெல்லாம் மெல்ல மெல்ல மீண்டும் வரிசை கட்டிக்கொண்டதன் விளைவு அது. முதல்நாள் கொழுக்கட்டை விறைப்பதும் இதனால்தான். ஆயா அவற்றை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தார். வரிசை கலைந்து, மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது.