மதுரையில் பேரிக்காய் ஏன் காய்ப்பதில்லை?

ஆடி, ஆவணியில் தல்லாகுளத்துத் தள்ளுவண்டிகளில் கொடைக்கானல் பேரிக்காயைப் பார்க்கலாம். கடித்தால் சாறு வழியும். நாக்கில் மணல்போல நறநறக்கும். ஒரு கன்று வாங்கி வீட்டிலேயே வைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். வைத்தால் தழைக்கும், ஆனால் காயை எதிர்பார்க்க முடியாது. மண்ணும் தண்ணீரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதுரையில் குளிர் போதாது.

பேரி இலையுதிர் மரம். வரும் பருவத்துக்கான பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிளையில் உருவாகிவிடும். இலை உதிர்ந்ததும் அந்த மொட்டு உறங்கப் போகும். இடையில் நாலு நாள் வெயில் அடித்தாலும் எழாது. போதுமான குளிரைக் கடந்த பிறகுதான் உறக்கம் கலையும். அதன்பின் வரும் இளஞ்சூட்டில் பூ விரியும்.

சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழியும் மணிநேரங்களைக் கூட்டி இந்தக் குளிரைக் கணக்கிடுவது வழக்கம். வில்லியம்ஸ் போன்ற ஐரோப்பிய ரகங்களுக்கு 800 மணிநேரமும் அதற்கு மேலும் தேவைப்படும். கீஃபர் போன்ற ரகங்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைவு. அதனால்தான் நம் மலைகளுக்குக் குறைந்த குளிரில் பூக்கும் ரகங்களே ஒத்துவருகின்றன.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கொடைக்கானல் இருப்பது சுமார் 2,100 மீட்டரில். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுண்டு. சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையிலோ தை மாத விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

மலையிலும் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனால் சிக்கல்தான். மொட்டுகள் ஒரே சமயத்தில் விழிக்காமல் ஒரு கிளையில் பூ, இன்னொரு கிளையில் மொட்டு என்று இழுத்துக்கொண்டே போகும். பெரும்பாலான பேரி ரகங்கள் தம் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. பக்கத்தில் வேறு ரகமும் அதே நாட்களில் பூத்திருக்க வேண்டும். பூக்காலம் பொருந்தாவிட்டால் தேனீ வந்தும் பயனில்லை. பூத்த நேரத்தில் உறைபனி விழுந்தால் பூவின் சூல் கருகும். மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே வராது. இத்தனையும் தப்பினால்தான் காய்.

மாமரத்துக்கு இவ்வளவு குளிர் வேண்டாம். மார்கழி இரவின் மிதமான குளிரும் மழையற்ற வறட்சியுமே அதைப் பூக்கவைக்கும். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளுக்கு அது கிடைத்துவிடுகிறது. ஆகவே சமவெளியில் வீட்டுக்கு மரம் தேடுபவர்கள் மா, கொய்யா, சப்போட்டா என்று பார்க்கலாம். மலையில் பேரி நடுபவர்கள், குறைந்த குளிர் கேட்கும் இரண்டு ரகங்களையாவது, பூக்காலம் ஒத்துப்போகும்படி தேர்ந்து, அடுத்தடுத்து நடுவது நல்லது.