செண்பகத்தோப்பு ஓடைக்கரைப் பறவைகள்

விருதுநகர் மாவட்டத்தின் வடகிழக்கில் மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கம் கரிசல் நிலமும் கண்மாய்களும். மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள செண்பகத்தோப்பில் மலையோடைகள் இறங்கி வைப்பாற்றுப் படுகைக்கு நீர் சேர்க்கின்றன. இந்தக் காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாக உயர்ந்தது.

அடிவாரத்து முட்புதர்களில் முதலில் தென்படுபவை சின்னான்கள். ஓடையை நெருங்கினால் நீர்மருது, நாவல், அத்தி மரங்களின் நிழல். அங்கே மீன்கொத்திகள் நீரைப் பார்த்துக் காத்திருக்கும். குளிர்காலத்தில் வலசை வரும் சாம்பல் வாலாட்டி, பாறைக்குப் பாறை தாவிப் பூச்சி பிடிக்கும். மேலே அருவிப் பக்கம், கருநீல நிறச் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்கலாம். சருகு மூடிய தரையில் இரை தேடும் ஆறுமணிக்குருவியும் வடக்கிலிருந்து வரும் குளிர்கால விருந்தாளியே.

மர உச்சிகளில் குக்குறுவான், பச்சைப்புறா, மலை இருவாச்சி ஆகியவை பழம் தேடும். இருவாச்சிப் பெடை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு துளை வழியே ஆண் இரை ஊட்டும். பொந்துள்ள முதிய மரங்களும் ஆண்டு முழுவதும் பழம் தரும் ஆல், அத்தி இனங்களும் இல்லாத காட்டில் அது இனம் பெருக்க முடியாது.

பழந்தின்னிப் பறவைகள் காட்டிடம் பெற்றதைத் திருப்பித் தருகின்றன. அவற்றின் எச்சத்தில் விழும் விதைகள் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி முளைக்கின்றன. வெட்டும் மேய்ச்சலும் தீயும் நின்ற இடத்தில், காடு தானாக மீள்வதற்கு இதுவே முதல் வழி. விதை வந்து சேராத அளவுக்குச் சிதைந்த இடங்களில் மனித உதவி வேண்டும். வால்பாறையில் துண்டுபட்ட மழைக்காடுகளில் அந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டு வளர்ப்பது அத்தகைய பணி. ஓடைக்கரை மரங்கள் அடர்ந்தால் மண் அரிப்பு குறைகிறது, நீரும் குளிர்ந்திருக்கிறது. கிளைகள் கோத்து நிற்பதால், தரையிறங்காமலே மரம் மாறும் சாம்பல் நிற அணிலுக்கும் பாதை கிடைக்கிறது.

பறவை நோக்க விடிகாலையே ஏற்ற நேரம். வனத்துறை அனுமதியோடு, மங்கிய நிற உடையில், பேச்சைக் குறைத்து நடக்க வேண்டும். கூட்டை நெருங்கக் கூடாது. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கவும் கூடாது. கண்ட இனம், எண்ணிக்கை, இடம், நேரம் நான்கையும் குறித்தால் அது அறிவியல் தரவாகும். 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் பங்கேற்கலாம். மலைக்குப் போக இயலாதவர்கள் தங்கள் ஊர்க் கண்மாயிலிருந்தே தொடங்கலாம்.