உலர்த்தி உலர்த்தாதபோது: குறை வெப்பத்திலா, காற்றிலா?

கண்டியைச் சூழ்ந்துள்ள மலைகளில் மழை இறங்கிவிட்டால் இல்லந்தோறும் ஈரத்துணிகளின் தொல்லையும் தொடங்கிவிடுகின்றது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நேர இடிமழை. அது அடங்குமுன் வடகீழ்ப் பருவமழை. கொடியில் கிடக்கும் பாடசாலைச் சீருடை இரண்டு நாட்களாகியும் உலர்வதில்லை. மூன்றாம் நாள் அதில் பூஞ்சண வாடை வீசத் தொடங்குகின்றது. இதனால்தான் ஒரு காலத்தில் பெரிய விடுதிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த மின்சாரத் துணி உலர்த்தி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை போன்ற பகுதிகளின் வீடுகளுக்கும் உல்லாசப் பயணிகள் தங்கும் சிறு விடுதிகளுக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வாறு வந்த இயந்திரங்கள் பல இன்று முதுமையடைந்துவிட்டன. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததும், புதிய இயந்திரம் வாங்கும் எண்ணத்தைப் பலர் கைவிட்டனர். பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும் இவர்களின் முறைப்பாடு ஒன்றுதான்: முன்னர் ஒரு மணித்தியாலத்தில் உலர்ந்த துணி இப்போது இரண்டு மணித்தியாலமாகியும் உலர்வதில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்ட மின்கட்டணம், அதன் பின்னர் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடும் கட்டண முறையில், வீணாக ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் குடும்பச் செலவில் விழும் அடியாகும். அதனிலும் பெரியதோர் ஆபத்தும் இதில் மறைந்துள்ளது. அதனைப் பின்னர் கூறுவோம்.

உலர்த்தி சரிவர உலர்த்தாவிடின் "சூடு போதவில்லை" என்பதே நம்மவர் கூறும் முதற் காரணம். வெப்பமூட்டும் சுருளை மாற்றச் சொல்லித் திருத்துநரை அழைக்கின்றனர். பெரும்பாலான வேளைகளில் இந்த முடிவு தவறானது. உலர்த்துவது வெப்பத்தின் வேலை மட்டுமன்று. அது காற்றின் வேலை. இவ்வுண்மையைக் கற்க மலையகத்தவர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்தை மண் அடுப்புகளில் கரி நெருப்பின் மேல் தட்டுகளில் பரப்பியே உலர்த்தினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரின் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய 'சிரோக்கோ' உலர்த்திகள் வந்தன. அவற்றில் நெருப்பு தேயிலையைத் தீண்டுவதில்லை. நெருப்பால் சூடான காற்றே இலையினூடாகச் சென்று ஈரத்தை வெளியே கொண்டுபோகும். 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கு செல்வோர் அக்கால இயந்திரங்களை இன்றும் காணலாம்.

பாதியளவு ஈரத்துடன் உலர்த்திக்குள் நுழையும் இலை, ஏறத்தாழ 20 நிமிடத்தில் 3 சதவீத ஈரத்துடன் வெளியே வருகின்றது. உள்ளே செல்லும் காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்து அனுபவமுள்ள டீமேக்கர் திருப்தியடைவதில்லை. வெளியேறும் காற்றின் வெப்பத்தையும் கவனிப்பார். காற்றோட்டம் குறைந்தால் இலை உலர்வதற்குப் பதிலாக வெந்துபோகும். சூட்டை மட்டும் கூட்டினால் மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். வீட்டு உலர்த்தியில் துணி சுடச்சுட, ஆனால் ஈரமாகவே வெளிவருவதும் இதே நோயின் அறிகுறிதான்.

இதன் காரணம் எளிது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். 60 பாகையில் அதே காற்று 130 கிராமைத் தாங்கும். வெப்பம் காற்றின் கொள்ளளவைப் பெருக்குகின்றது. ஆனால் அக்காற்று நிறைந்த பின்னர் வெளியேறி, புதிய காற்றுக்கு இடமளிக்க வேண்டும். வெளியேறாவிடில் எத்தனை சூடிருந்தும் பயனில்லை.

"மழைக்காலமாகையால் இயந்திரமும் உலர்த்தவில்லை" என்பாருமுளர். கண்டியின் மழைநாட் காற்று 80 சதவீத ஈரப்பதன் கொண்டிருந்தாலும், அதனை 60 பாகைக்குச் சூடாக்கியதும் அதன் சார்பு ஈரப்பதன் 13 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். எனவே நல்ல நிலையிலுள்ள உலர்த்திக்கு மழை ஒரு பொருட்டன்று.

இனி, குறையைத் தேடும் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில் கேட்கவேண்டியது, துணி உலர்த்திக்குள் எவ்வளவு ஈரத்துடன் செல்கின்றது என்பதாகும். 5 கிலோ பருத்தித் துணி, சலவை இயந்திரத்தின் சுழற்சி நிமிடத்துக்கு 800ஆக இருப்பின் 3.5 கிலோ அளவு நீருடனும், 1,400ஆக இருப்பின் 2.5 கிலோ அளவு நீருடனும் வெளிவரும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தபட்சம் ஓர் அலகில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் தேவை. ஆகவே குற்றம் சில வேளைகளில் உலர்த்தியினுடையதன்று; பிழிவதில் சோர்ந்துவிட்ட சலவை இயந்திரத்தினுடையது. துணியைக் கையால் முறுக்கும்போது நீர் சொட்டுமாயின் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

இரண்டாவது, காற்றின் பாதை. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசைத் தடுக்கும் வலையை ஒவ்வொரு முறையும் துடைப்பவர் வீட்டிலும் இப்பாதை அடைபடலாம். துணிக்கு மென்மையூட்டும் திரவங்களின் எச்சம் வலையின் கண்களில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகின்றது. வலையைக் குழாய் நீரில் பிடித்துப் பாருங்கள். நீர் ஊடுருவாமல் மேலே தேங்குமாயின் சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, நன்கு உலர்ந்த பின் பொருத்தவேண்டும். அடுத்து, ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய். இயந்திரத்தைச் சுவரோடு நெருக்கித் தள்ளியதால் குழாய் நசுங்கியிருக்கலாம். தொய்ந்த இடத்தில் நீரும் தூசும் தேங்கியிருக்கலாம். வெளிமுனையின் மூடி திறவாமலிருக்கலாம். அங்கே குளவி கூடு கட்டியுமிருக்கலாம்.

இதனைக் கண்டறிய எளியதொரு சோதனை உண்டு. சன்னல்களைத் திறந்துவைத்து, குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, வழக்கமான அளவு துணியை ஒருமுறை உலர்த்திப் பாருங்கள். நேரம் வெகுவாகக் குறைந்தால் குற்றம் குழாயினுடையது. குறையாவிடின் இயந்திரத்தின் உள்ளேயுள்ள காற்றாடியையும் அதன் வழியையும் திருத்துநர் திறந்து துப்புரவாக்கவேண்டும். இச்சோதனை மின்சார உலர்த்திக்கு மட்டுமே உரியது. சோதனைக்குப் பின் குழாயை மீண்டும் பொருத்த மறக்கலாகாது. ஏனெனில் குழாயை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே காற்றைக் கக்கவிட்டால், வெளியேற்றிய ஈரத்தையே இயந்திரம் மீண்டும் உள்ளிழுக்கும். மாடிப்படியின் கீழ், கதவடைத்த களஞ்சிய அறைகளில் உலர்த்தி வைத்திருப்போர் இதனைக் கவனிக்கவேண்டும்.

வெளிக்குழாய் இல்லாமல், ஈரத்தை நீராக்கித் தொட்டியில் சேர்க்கும் வகை இயந்திரங்களும் உள்ளன. இவற்றில் தொட்டி நிரம்பியிருக்கின்றதா, ஈரம் நீராக மாறும் பகுதியின் இடுக்குகளில் தூசு அடைந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். முன்பு ஒவ்வொரு முறையும் தொட்டியில் சேர்ந்த நீர் இப்போது பாதியாகிவிட்டதாயின் அதுவே தக்க சான்று. குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்கும் வெப்பப் பம்பி வகையோ, குறைந்த வெப்பத்தில் மெதுவாக உலர்த்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. அது நீண்டநேரம் ஓடுவதைப் பழுதெனக் கொள்ளலாகாது.

துணி ஈரமாயிருக்கையிலேயே இயந்திரம் தானாக நின்றுவிடுகின்றதா? உருளையின் உட்புறம் அல்லது வாயிலருகே உள்ள இரு உலோகப் பட்டிகளைப் பாருங்கள். ஈரத்தை அறிந்து இயந்திரத்தை நிறுத்துபவை அவையே. அவற்றில் படலம் படிந்தால் இயந்திரம் ஏமாறிவிடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின் வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவை அனைத்தும் செம்மையாக இருந்தும் துணி உலராவிடின்தான் வெப்பத்தைச் சந்தேகிக்கவேண்டும். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது மின்னழுத்தம். 230 வோல்ட் கிடைக்கவேண்டிய இடத்தில் மாலை வேளையில் 200 வோல்ட் மட்டுமே கிடைத்தால், வெப்பமூட்டும் சுருளின் வலு முக்கால் பங்காகக் குறைந்துவிடும். மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள மலைச்சரிவு வீடுகளில் பகலில் நன்கு உலர்த்தும் இயந்திரம் இரவில் தடுமாறுமாயின் இதுவே காரணமாகலாம். பகலிலும் சூடில்லையெனில் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது வெப்ப உருகி எரிந்திருக்கலாம்.

இவ்விடத்தில் நாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்று. வெப்ப உருகி காரணமின்றி எரிவதில்லை. காற்று அடைபட்டு உள்ளே சூடு மிகுந்ததாலேயே அது தன்னை மாய்த்து வீட்டைக் காத்தது. அதனைப் புறக்கணித்து இரு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்து "சரியாக்கிவிட்டேன்" என்று கூறும் திருத்துநர், வாசலிலிருந்த காவலாளியை அனுப்பிவிட்டுச் செல்கின்றார். அத்தகைய திருத்தத்தை எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது.

இது வீண் அச்சமன்று. 2016 ஓகஸ்டில் மேற்கு இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதி அடுக்குமாடிக் கட்டடத்தில் பற்றிய தீ, குறைபாடுள்ள துணி உலர்த்தியொன்றிலிருந்தே தொடங்கியது. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,900 குடியிருப்புத் தீவிபத்துகள் துணி உலர்த்திகளால் ஏற்பட்டதாக அந்நாட்டுத் தீயணைப்பு நிருவாகம் கணக்கிட்டது. துப்புரவு செய்யத் தவறியதே அவற்றின் முதன்மைக் காரணமாகக் காணப்பட்டது. பஞ்சுத்தூசு எளிதில் தீப்பற்றும் பொருள். மந்தமாக உலர்த்தும் இயந்திரம் அத்தூசைச் சுருளின் அருகே சேர்த்துக்கொண்டே போகின்றது.

எமது பழைய வீடுகளுக்குரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. 2,500 வொட் உலர்த்தி ஏறத்தாழ 11 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 5 அம்பியர் உருள்முனைப் பிளக் பொயின்ட்டில் இடைச்செருகி வைத்துப் பொருத்துவதோ, நீட்டிப்புக் கம்பியில் மாட்டுவதோ நெருப்பை வலிந்தழைப்பதாகும். பிளக்கைத் தொட்டுப் பார்க்கையில் சுடுமாயின் உடனே நிறுத்தவேண்டும். அனைவரும் உறங்கும் வேளையிலும் ஆளில்லா வேளையிலும் உலர்த்தியை ஓடவிடலாகாது. எண்ணெய் தோய்ந்த சமையலறைத் துணிகளை அதில் இடவும் கூடாது.

உருளையின் பட்டியோ, ஓரத்துக் கம்பளி வளையமோ, வெப்ப உருகியோ தேய்ந்தமைக்காக இயந்திரத்தைக் கைவிடவேண்டியதில்லை; அவை மாற்றத்தக்கவை. ஆனால் கம்பிகள் கருகியிருந்தாலும், உருளை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் சிக்கனம் பாராமல் விடைகொடுப்பதே அறிவுடைமை.

விடுதி நடத்துவோருக்கும் வாடகைக்கு வீடு கொடுப்போருக்கும் இதில் கூடுதல் பொறுப்புண்டு. அங்கே இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். தூசு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்டுக்கொருமுறை குழாயையும் உட்பகுதியையும் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு துப்புரவாக்குவது அவர்கள் ஏற்கவேண்டிய கடமை. விற்பனை செய்வோரும் இயந்திரத்தை இறக்கிவைத்துச் செல்வதோடு நில்லாமல், காற்றுப் பாதையைப் பேணும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும்.

உலர்த்தி மந்தமாகும்போது அது சூட்டை அன்று, மூச்சுவிட வழியையே கேட்கின்றது. அடுத்த மழைக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அவ்வழியைத் திறந்துவிடுவோமாயின் மின்கட்டணமும் குறையும், வீடும் பாதுகாப்பாயிருக்கும்.