ஏலகிரிக்குப் பாட்டியும் வரட்டும்!

லீவு விட்டாச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது கட்டாயம் நடந்துகொண்டிருக்கும்.

"ஊட்டிக்குப் போலாம்ப்பா!"

"ஊட்டி ரொம்ப தூரம்டா. ஏலகிரி போயிட்டு வந்துடலாம்."

"அத்தையை என்னங்க பண்றது? பி.பி. இருக்கு. மலை ஒத்துக்குமோ என்னவோ... உங்க தங்கச்சி வீட்ல விட்டுடலாமா?"

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அத்தை, "எனக்கென்ன, நீங்க போயிட்டு வாங்க" என்பார். பல வீடுகளில் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

முடிய வேண்டியதே இல்லை. உயரத்தால் வரும் தலைவலி, மூச்சுத்திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போனால்தான் தலைகாட்டும். ஊட்டியே 2,240 மீட்டர்தான். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மாத்திரையில் பி.பி. கட்டுக்குள் இருக்கும் பாட்டிக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், ஆஸ்துமா அடிக்கடி தொந்தரவு செய்பவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் டிக்கியில் போகும் பெட்டியில் இல்லாமல், கைப்பையில் இருக்கட்டும்.

அதோடு, ஏலகிரி மேலே போனால் பெரும்பாலும் சமதளம். புங்கனூர் ஏரிக்கரையில் முட்டிவலிக்காரர்கள்கூட மெல்ல நடக்கலாம். வயதானவர்களுக்கு இதைவிட வசதியான மலை நமக்குப் பக்கத்தில் குறைவு.

பாட்டிக்கு உண்மையான தொல்லை மலையில் இல்லை, வழியில்தான். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பைபாஸ், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாலு, நாலரை மணி நேரம். "வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோ" என்று பயந்து, பாட்டி முதல் நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவார். நீர் பிரியும் பி.பி. மாத்திரையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுவார். அம்மாக்களும் இதே ரகம்தான்! வெயிலில் உடம்பு வற்றி, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, ஜுரம்... பிறகு பழி மலைக் காற்றின் மேல். ஒன்றரை மணிக்கு ஒரு முறை சுத்தமான ஹோட்டல் பார்த்து நிறுத்துவது என்று கிளம்பும்போதே பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடிக்கவும் மாத்திரை போடவும் தைரியம் வரும். காலை நீட்டி நாலு அடி நடந்தால் தொடையில், கெண்டைக்காலில் ரத்தம் தேங்காது. இன்சுலின் போடுபவர் இருந்தால் மருந்தை டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் வீணாகிவிடும். குளிர்ந்த தண்ணீர் விட்ட பிளாஸ்கில் பாலிதீன் உறைக்குள் போகட்டும். ஐஸ் நேராகப் படக்கூடாது.

பதினாலு வளைவு

பொன்னேரி கூட்டுரோட்டில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். பல வீட்டுக்காரர்களுக்கு ஏலகிரி என்றாலே நினைவுக்கு வருவது அழகு இல்லை, பாலிதீன் பை!

வாந்தி ஏன் வருகிறது? உடம்பு திரும்புவதை உட்காது உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. அதே நேரம் கண், காருக்குள் இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு "நாம் அசையவே இல்லையே" என்கிறது. இரண்டு சாட்சியும் மாற்றிச் சொன்னால் மூளை குழம்பும், வயிறு புரளும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது அநேகமாக வராது. 2 முதல் 12 வயது வரைதான் படாத பாடு. ஸ்டியரிங் பிடிப்பவருக்கு வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர் கண் ரோட்டில் இருக்கிறது. அடுத்த திருப்பம் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

ஆகவே, மலை ஏறும்போது செல்போன் விளையாட்டு கூடாது. போட்டோவும் கூடாது. ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறேன் என்று குட்டித் திரைக்குள் கண்ணைச் செருகும் பிள்ளைதான் ஐந்தாவது வளைவில் "அம்மா... ஒரு மாதிரி இருக்கு" என்கும். எடுத்த படமும் கலங்கித்தான் இருக்கும்.

வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். வேண்டவே வேண்டாம். திடீர் பிரேக்கில் அந்தப் பிள்ளைதான் முதலில் மோதும். பின் சீட்டில் நடுவில், எதிர்க் கண்ணாடி வழியே ரோடு தெரிகிற மாதிரி, பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். குழந்தை சீட்டில் இருக்கும் வயது என்றால் அதிலேயே இருக்கட்டும். ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அடுத்த பலகையில் யார் என்று முன்னாலேயே பார்த்துச் சொல்வதுதான் விளையாட்டு. பாரி, காரி என்று பாட்டி எடுத்துக் கொடுப்பார். பிள்ளையின் கண்ணும் ரோட்டில் இருக்கும்.

அவோமின் போன்ற மாத்திரைகள் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட்டால்தான் பலன். வேலூரில் டிபன் சாப்பிடும் நேரம் சரியாக இருக்கும். 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவுதான். தூக்கம் வரும் மருந்து, ஓட்டுபவர் தொடக்கூடாது.

டிபன் இரண்டு இட்லியோடு நிற்கட்டும். "ஆம்பூர் வழியா போயிட்டு பிரியாணி சாப்பிடாம போறதா?" என்று அப்பா கேட்பார். நியாயம்தான், ஆனால் அது இறங்கி வரும்போது. அப்போதும் பிரியாணி முடித்துக் கையைத் துடைத்ததும் சாவியை எடுக்க வேண்டாம். ஓட்டுகிறவர் இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துக் கண் அயரட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் விடியற்காலையிலும் கண் சொருகுவது உடம்பின் இயற்கை. டீ குடித்து அதை முழுதாக ஏமாற்ற முடியாது.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகள் உண்டு. உயிரோடு விளையாடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் சூடேறாது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலை ரோட்டின் சட்டம்.

மேலே போன பிறகு

இப்போது கேமராவை எடுங்கள். காலை ஏழு மணி வெளிச்சம். கீழே இருப்பதைவிட ஆறு டிகிரி போலக் குறைவு, ஸ்வெட்டர் போதும். பெரிய கேமரா வேண்டும் என்பதில்லை. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒன்று செய்துகொண்டு அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார்! யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996ல் காலமாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவர் எழுதிய பத்தியில் காட்டு மிருகங்களோடு, வீட்டுப் பக்கத்து அணிலுக்கும் காக்கைக்கும்கூட இடம் இருந்தது.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒரு பூச்சியையோ பறவையையோ பத்து நிமிஷம் பார்த்த பிறகுதான் ஒரு படம். குரங்குக்கு பிஸ்கட் காட்டிப் படம் எடுக்கும் வேலை கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாய்க்கடிக்குப் போடும் அதே ரேபிஸ் ஊசி இதற்கும் தேவை. இன்னொன்று: படமெடுக்க இறங்கும்போது தூங்கும் குழந்தையைக் கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

ஏலகிரியின் பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது தமிழ்நாட்டு மலையாளிகளிடையே வழங்கும் கதை. அப்படியானால் நாம் காரில் வந்த திசையில்தான் அவர்களும் அந்தக் காலத்தில் வந்திருக்கிறார்கள்! பலாப்பழம் வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது மரியாதை இல்லை.

இரண்டு நாள் தங்கியதுமே அப்பாவுக்கு ஆசை வரும். "ரிடையர் ஆனதும் இங்கேயே ஒரு வீடு கட்டிடலாம்." நல்ல காற்று, உண்மைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 14 வளைவும் இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரி. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. முட்டிவலிக்குக் குளிர் ஆகாது. பேச்சுத் துணையும் குறையும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் டிசம்பரில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

மலையிலிருந்து கொண்டுவர வேண்டியது வேறு. சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015ல் வந்த முடிவு: மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம். கண்ணுக்குத் தேவை மலை இல்லை, வெளிச்சம். அது ஆவடியிலும் கிடைக்கும்.

பருத்திப்பட்டு ஏரியில் 2019ல் திறந்த பசுமைப் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளும் பாட்டியுமாக ஒரு சுற்று வரலாம். கூழைக்கடா, நீர்க்காகம், தாழைக்கோழி, மடையான்... மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். பறந்தால் பளீரென்று வெள்ளை. சிறகு விரிகிற அந்த நொடியைப் பிடிக்க எத்தனை வாரம் ஆகும் என்று பிள்ளைகளையே பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.