உங்களுக்குத் தெரியுமா? மல்லாந்தால் குதிரைக்கு மூச்சு எட்டாது!

மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கக் கிடத்திய குதிரைக்குச் சுத்தமான ஆக்சிஜனையே செலுத்தினாலும், அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் போகலாம்!

● சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 400 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டும். மல்லாந்த குதிரைகள் சிலவற்றில் அது 100-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

● காரணம் வயிறு. 450, 500 கிலோ எடையுள்ள குதிரையின் பெருங்குடல் பகுதி மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். மல்லாந்ததும் அந்தச் சுமை உதரவிதானத்தை அழுத்தி நுரையீரலைச் சுருக்குகிறது. சுருங்கிய இடத்துக்குள் காற்று நுழையாது. ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் ஏறாமலே அது இதயத்துக்குத் திரும்பும். சிலிண்டரை எவ்வளவு திறந்தாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது.

● ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க நுரையீரல்தான் அதிகம் நசுங்கும். மல்லாந்து கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். மார்பு தரையில் படக் கிடத்துவது இன்னும் நல்லது. ஆனால் வயிற்று அறுவை பெரும்பாலானவற்றுக்கு மல்லாத்தியே ஆக வேண்டும். மருத்துவரின் சங்கடம் அங்கேதான்.

● வயிற்றுவலிக் குதிரைகளை நீக்கிக் கணக்கிட்டாலும், மயக்க மருந்து கொடுத்த 100 குதிரைகளில் சுமார் ஒன்று 7 நாளுக்குள் இறந்ததாக 2002-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது.

செஞ்சி தேசிங்கு ராஜாவின் குதிரைக் கதை கேட்டு வளர்ந்த விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் குதிரை வளர்ப்பவர்களே, அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: நிற்க வைத்தே, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்ய முடியுமா?