உங்களுக்குத் தெரியுமா? சார்ஜரும் கடல் கடந்து போகிறது

பொரளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் பிளக் பேஸ்தான். புதுத் தொடர்மாடிகளில் 13 அம்பியர் சதுரப் பின். இலங்கையின் தரம் இப்போது அதுவே. லண்டன், டுபாய், சிங்கப்பூர், கோலாலம்பூரிலும் அதேதான். சென்னைக்குப் போவதென்றால் உருண்டைப் பின் வேண்டும்.

இரண்டு பின் சார்ஜர் சதுரத் துளைக்குள் போகாவிட்டால், மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி நுழைப்பது நம் வீட்டு வித்தை! மேல் துளை எர்த். அதற்குள் பிளக்கின் நீளமான பின் இறங்கினால்தான் கீழே உள்ள இரண்டு துளைகளின் சின்னக் கதவு திறக்கும். பிள்ளைகள் கம்பி விட்டுப் பார்க்காமலிருக்க வைத்த பூட்டு அது. குத்தித் திறந்தால் பூட்டும் போச்சு, 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸின் காவலும் போச்சு. பின் தளர்வாக நின்று சூடேறிக் கருகுவது அதற்கு மேல். லண்டன் ஹோட்டலில் போய் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா? 120 வோல்ட் ரொறன்ரோ, 100 வோல்ட் டோக்கியோ, எங்கும் வேலை செய்யும். பின்னை மாற்றும் அடப்டர் மட்டும் போதும்.

அடப்டர் வோல்ட்டை மாற்றாது. ரொறன்ரோ மாமி கொண்டுவந்த 120 வோல்ட் ஹேர் ட்ரையரை வெள்ளவத்தையில் 230 வோல்ட்டில் போட்டால் சூடு இரண்டு மடங்கல்ல, மூன்றரை மடங்குக்கும் மேல்! புகை வர அதிக நேரமாகாது. இங்கிருந்து போகும் ரைஸ் குக்கருக்கோ அங்கே கால்வாசிப் பலம்தான்; சோறு வேகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சார்ஜில் இருக்கும் லெப்டொப்பின் உலோக மேனி கையில் விர்ரென்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லாத அடப்டரின் வேலை. மூன்று பின் அடப்டர் வாங்குங்கள்.

பவர் பேங்க் ஒருபோதும் செக்-இன் பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 மில்லிஅம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 74 வாட்-மணி. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபோதே தீப்பற்றியது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றனர் விசாரணையாளர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் அதைப் பாவிக்கவே விடுவதில்லை. ஆகவே போனுக்குக் கட்டுநாயக்கவிலேயே சார்ஜ் போட்டுவிட்டு ஏறுங்கள்.